ஸ்டென்டா, பலூனா: உள்ளே ஒன்றை விட்டுவிட்டு வருவதா, வேண்டாமா?

அத்தானுக்கு ஆஞ்சியோகிராம் நடந்துகொண்டிருந்தபோது பாதியில் எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். அந்தச் சோதனை நடக்கும் கேத் லேபுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேசையில் அத்தான் முழு நினைவோடு படுத்திருக்கிறார், இந்தப் பக்கம் ஒரு திரை. கறுப்பு வெள்ளையில் இதயத்தின் ரத்தக்குழாய்கள் வேர் மாதிரி கிளை பிரிந்து ஓடுகின்றன. ஓரிடத்தில் மட்டும் யாரோ நூல் கட்டி இறுக்கியதுபோல் குழாய் சட்டென்று சிறுத்து, அப்புறம் மறுபடி அகலமாகிறது. "எண்பது சதவீதம் அடைப்பு. ஸ்டென்ட் வச்சிடலாம், சரிங்களா?" என்றார் டாக்டர். அக்கா விடவில்லை. "ஏன் டாக்டர், பலூன் மட்டும் போட்டு விரிச்சா போதாதா? கம்பி எதுக்கு உள்ள?" டாக்டர் கையுறையைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே, "இப்பல்லாம் வெறும் பலூன் யாரும் பண்றதில்லம்மா" என்றார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம்.

அந்தப் பதில் முக்கால்வாசி சரி. மிச்சக் கால்வாசியைத் தெரிந்துகொள்ள எனக்குச் சில மாதம் ஆயிற்று. நான் டாக்டர் இல்லை. வீட்டில் ஒருவருக்கு வந்ததால் உட்கார்ந்து படித்தவன், அவ்வளவுதான். ஆனால் இதே அறையில் இதே கேள்வியோடு நிற்கப்போகிறவர்களுக்கு இது உதவலாம், ஏனென்றால் அங்கே யோசிக்கக் கிடைக்கும் நேரம் மூன்று நிமிடம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பலூனும் ஸ்டென்டும் எதிரெதிர்க் கட்சிகள் இல்லை. ஸ்டென்ட் வைக்கும்போதும் பலூன்தான் போகிறது. ஸ்டென்ட் என்ற அந்தக் கம்பி வலைக் குழாய் (வீட்டுப் பெரியவர்கள் பலர் ஸ்பிரிங் என்றே சொல்கிறார்கள்) சுருக்கப்பட்டு ஒரு பலூனின் மேல் உட்கார்ந்துதான் உள்ளே வருகிறது. ஆகவே உண்மையான கேள்வி, பலூனால் விரித்தபிறகு அங்கே எதையாவது நிரந்தரமாக விட்டுவிட்டு வருவதா, இல்லை வெறுங்கையோடு வெளியே வந்துவிடுவதா என்பதுதான். இப்படி மாற்றிக் கேட்டாலே பாதிக் குழப்பம் தெளிந்துவிடும்.

விரிப்பது எப்படி என்று தெரிந்தால் மீதியும் புரியும். மணிக்கட்டிலோ தொடை இடுக்கிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாய் ஒன்றை இதயத்தின் வாசல்வரை கொண்டுபோகிறார்கள். அதற்குள்ளிருந்து, மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு தடிமனுள்ள ஒரு கம்பி அடைப்பைத் தாண்டிப் போகிறது. அந்தக் கம்பியைத் தண்டவாளமாக வைத்துக்கொண்டு, காற்றுப்போன நிலையில் பலூன் பின்னாலேயே வருகிறது. சரியான இடத்துக்கு வந்ததும் சாயம் கலந்த திரவத்தை அழுத்தி ஏற்றுகிறார்கள். பலநேரம் பத்து வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலே போகும், கார் டயரில் இருப்பதைப்போல ஐந்தாறு மடங்கு. சில நொடி, அதிகம் போனால் அரை நிமிடம், ஒரு நிமிடம். அந்த நேரத்தில் அந்தக் குழாயில் ரத்தம் நின்றுவிடுவதால், நடக்கும்போது வருமே அதே நெஞ்சுவலி, படுத்திருக்கும்போதே சிலருக்கு வரும். அத்தானுக்கு வந்தது. "இப்ப வலிக்கும், பயப்படாதீங்க" என்று முன்கூட்டியே சொன்னார்களாம், அது மட்டும்தான் அவருக்கு ஆறுதல்.

அடைப்பை எடுத்துவிட்டார்கள் என்று எல்லோரும் சொல்கிறோம். யாரும் எதையும் எடுப்பதில்லை. கொழுப்பும் சுண்ணாம்பும் நாரும் சேர்ந்த அந்தப் படிவு கரைவதுமில்லை, வெளியே வருவதுமில்லை. பலூன் அதைச் சுவரோடு நசுக்கி, விரிசல்விட வைத்து, குழாயின் சுவரையே கொஞ்சம் கிழித்து வழி உண்டாக்குகிறது. சொல்லப்போனால் அது கட்டுப்பாட்டோடு செய்யும் ஒரு காயம். பலூனை மட்டும் வைத்து முடிப்பதில் வரும் தொல்லைகள் எல்லாம் இந்தக் காயத்திலிருந்துதான் வருகின்றன.

முதல் தொல்லை நிமிடக் கணக்கில் வருவது. ரத்தக்குழாய் ரப்பர் மாதிரி, விரித்த கையை எடுத்ததும் கொஞ்சம் பழைய அளவுக்கே திரும்பும். இரண்டாவது மணிக் கணக்கில் வருவது: சுவரில் விட்ட கிழிசல் மடல்போலத் தொங்கி வழியை அடைத்துவிடும், இல்லை அதன்மேல் ரத்தம் உறைந்து மொத்தமாக மூடிவிடும். மூன்றாவது மாதக் கணக்கில் வருவது. காயம் ஆறும்போது தழும்புத் திசு வளர்கிறது, அது வேண்டிய அளவோடு நிற்காமல் வளர்ந்துகொண்டே போய், குழாயும் சுருங்கி, மூன்று முதல் ஆறு மாதத்தில் பழையபடி அடைப்பு.

1977 செப்டம்பர் 16 அன்று சூரிக்கில் ஆண்ட்ரியாஸ் குருயென்ட்சிக் என்ற மருத்துவர் விழித்திருந்த ஒரு மனிதரின் இதயக் குழாயில் முதன்முதலாகப் பலூனை விரித்தபோது இதெல்லாம் யாருக்கும் முழுதாகத் தெரியாது. அந்தப் பலூன்களின் தொடக்கப் பிரதிகளை அவர் தன் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்துதான் செய்துபார்த்தார். நோயாளிக்கு வயது 38. பத்தாண்டு கழித்துப் படம் எடுத்துப் பார்த்தபோதும் அவருக்கு விரித்த இடம் திறந்தே இருந்தது, ஸ்டென்ட் ஏதும் இல்லாமல். வெறும் பலூன் எப்போதும் தோற்றுவிடும் என்று யாராவது அடித்துச் சொன்னால் இந்த முதல் நோயாளியைக் காட்டலாம். ஆனால் எல்லோருக்கும் அந்த யோகம் வாய்க்கவில்லை: மூன்றில் ஒருவருக்கும் மேலாக மறு அடைப்பு வந்தது, நூற்றில் சிலருக்கு அன்றைக்கே குழாய் மூடிக்கொண்டது, அவர்களை அவசர பைபாஸுக்குத் தள்ளிக்கொண்டு ஓடவேண்டியிருந்தது. அதனால்தான் அந்தக் காலத்தில் பலூன் போடும்போது அறுவைசிகிச்சைக் குழு பக்கத்தில் தயாராக நிற்கும்.

பைபாஸுக்கு ஓடும் அந்த அவசர ஓட்டத்தை நிறுத்தத்தான் ஸ்டென்ட் வந்தது. 1986இல் பிரான்சின் துலூஸில் ஷாக் புயேலும் சுவிட்சர்லாந்தின் லொசானில் உல்ரிக் சிக்வார்ட்டும் மனிதர்களுக்கு முதன்முதலாக வைத்தார்கள். கிழிந்து தொங்கும் சுவரை முட்டுக்கொடுத்துத் தாங்குவது, அதுதான் அதன் முதல் வேலை. பிறகு, கிழியாத இடத்திலும் வைத்தால் என்ன என்று இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்து 1994இல் வெளிவந்தன. ஒன்றில் பலூன் மட்டும் போட்டவர்களில் 42% பேருக்கும் ஸ்டென்ட் வைத்தவர்களில் 32% பேருக்கும் மறு அடைப்பு; மற்றொன்றில் 32%, 22%. இரண்டிலும் ஸ்டென்டால் நூற்றுக்குப் பத்துப் பேர் கூடுதலாகத் தப்பினார்கள். கவனித்தால் ஒன்று தெரியும், ஸ்டென்ட் வைத்தும் ஐந்தில் ஒருவருக்காவது மறுபடி அடைத்தது. ஏனென்றால் வெறும் உலோக ஸ்டென்ட் முதல் இரண்டு தொல்லைகளைத் தீர்த்தது, மூன்றாவதை இன்னும் கொஞ்சம் மோசமாக்கியது. உலோகத்தைக் கண்டு உடம்பு கூடுதலாகவே தழும்பை வளர்த்தது. முதலில் கிடைத்த வழி அகலமாக இருந்ததால் மொத்தக் கணக்கில் லாபம் வந்தது, அவ்வளவே.

அந்தத் தழும்பை அடக்க மருந்து தடவினார்கள். சிரோலிமஸ் என்ற அந்த மருந்தின் கதை தனி: பசிபிக் கடலில் ஈஸ்டர் தீவின் மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிர் அதை உண்டாக்குகிறது. அந்தத் தீவின் சொந்தப் பெயர் ரப்பா நூயி, அதனால் ராபமைசின் என்று முதலில் பெயர் வைத்தார்கள். அது தடவிய ஸ்டென்டை 1999 டிசம்பரில் பிரேசிலின் சாவ் பாவ்லோவில் முதன்முதலாக மனிதருக்கு வைத்தார்கள், அமெரிக்காவில் 2003இல் அனுமதி கிடைத்தது. மறு அடைப்பு பத்து சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. டாக்டர் அக்காவிடம் சொன்ன முக்கால்வாசி இதுதான். இன்றைக்கு ஓரளவு பெரிய இதயக் குழாயில் புதிதாக வந்த அடைப்புக்கு, மருந்து தடவாத பலூனை மட்டும் போட்டுவிட்டு வருவதற்கு நியாயம் ஏறக்குறைய இல்லை.

ஆனால் தழும்பை அடக்கும் மருந்து காயம் ஆறுவதையும் தாமதப்படுத்துகிறது. கம்பியின்மேல் குழாயின் சொந்த உள்தோல் போர்த்திக்கொண்டால்தான் ரத்தம் அதை அந்நியப் பொருளாகப் பார்க்காது. போர்த்தும்வரை அந்த உலோகத்தின்மேல் ரத்தம் உறையலாம், உறைந்தால் அது சாதாரண நெஞ்சுவலியாக வராது, நேராக மாரடைப்பாகத்தான் வரும். 2006 வாக்கில் இதைப் பற்றிப் பெரிய பயமே கிளம்பியது. இப்போதைய ஸ்டென்ட்களின் கம்பி முடியளவு மெலிந்து 60 முதல் 80 மைக்ரான் வந்துவிட்டது, பூச்சும் மேம்பட்டிருக்கிறது, முதல் ஆண்டில் இப்படி உறைவது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. குறைவுதான், ஆனால் அந்தக் குறைவை அப்படியே வைத்திருப்பது மாத்திரை.

என்னைக் கேட்டால் மொத்த ஒப்பீட்டிலும் கனமான பகுதி இந்த மாத்திரைதான், சம்மதப் படிவத்தில் அதற்கு ஒரு வரிகூட இருக்காது. ஸ்டென்ட் வைத்தால் ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரெலர் மாதிரி இன்னொன்று, ஆக இரண்டு. மாரடைப்பு வந்து வைத்திருந்தால் வழக்கமாக 12 மாதம், மாரடைப்பு இல்லாமல் வைத்திருந்தால் வழக்கமாக 6 மாதம், ரத்தக்கசிவு ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு ஒன்று முதல் மூன்று மாதமாகச் சுருக்குவதுண்டு. அதற்குப் பிறகு பெரும்பாலும் ஒன்று மட்டும், அது காலத்துக்கும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்த வரலாறு உள்ளவர், இதயத் துடிப்புக் கோளாறுக்காக ஏற்கெனவே வேறு ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறவர், இன்னும் இரண்டு மாதத்தில் இடுப்பு எலும்புக்கோ புற்றுநோய்க்கோ அறுவைசிகிச்சை வைத்திருப்பவர், காலை மாத்திரையை இரவிலும் இரவு மாத்திரையை மறுநாளும் நினைத்துக்கொள்கிறவர், இவர்களுக்கெல்லாம் அந்த 6 மாதம் நீண்டது.

நண்பர் ஒருவரின் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து மூன்றாவது மாதம் கடைவாய்ப் பல் பிடுங்கவேண்டி வந்தது. பல் டாக்டர் மாத்திரைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "ரெண்டையும் ஒரு வாரம் நிறுத்திட்டு வாங்க, இல்லன்னா ரத்தம் நிக்காது" என்று சொல்லியிருக்கிறார். இவரும் இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நிறுத்திவிட்டார், பல்லுக்குத்தானே என்று. ஐந்தாம் நாள் விடியற்காலையில் வியர்த்துக்கொட்டி எழுந்தவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள், ஸ்டென்ட் முழுசாக அடைத்திருந்தது. உயிர் தப்பியது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தம், அதாவது அதன் பம்பு அளவு, அறுபது சதவீதத்திலிருந்து முப்பத்தைந்துக்கு வந்துவிட்டது, இப்போது இரண்டு மாடி ஏறுவதில்லை. ஒரு பல்லைப் பிடுங்க மாத்திரையை நிறுத்தவேண்டியதே இல்லை, பஞ்சை வைத்துக் கொஞ்ச நேரம் கூடுதலாக அழுத்தினால் பெரும்பாலும் நின்றுவிடும் என்பது பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

(ஸ்டென்ட் நழுவி ஓடிவிடுமா, விமான நிலையத்தில் மணி அடிக்குமா, எம்ஆர்ஐ எடுக்கலாமா என்பவை எல்லோரும் முதலில் கேட்பவை. ஓடாது, அடிக்காது, எடுக்கலாம். கவலையை மாத்திரைக்கு மிச்சம் வையுங்கள்.)

மாத்திரைக் காலம் முடிந்தபிறகும் உலோகம் உள்ளேதான் இருக்கும். முதல் ஆண்டுக்குப் பின்னும் ஸ்டென்ட் வைத்த இடத்தில் ஏதாவது ஒரு தொல்லை ஆண்டுக்கு ஏறக்குறைய 2% பேருக்கு வந்துகொண்டே இருக்கிறது. அந்த இடத்தில் குழாய் இயல்பாகச் சுருங்கி விரிய முடியாது. உள்ளுக்குள் மறுபடி அடைத்தால் வலைக்குள் இன்னொரு வலை, அதற்குள் இன்னொன்று என்று அடுக்க ஆரம்பித்தால் வழி குறுகிக்கொண்டே போகும். குழாய் நெடுக உலோகமாக இருந்தால் நாளைக்கு பைபாஸ் செய்ய வேண்டி வரும்போது ஒட்டுவதற்கு நல்ல இடம் கிடைக்காது. இதற்குத்தான் தானாகக் கரையும் ஸ்டென்டைக் கொண்டுவந்தார்கள், எவ்வளவு நல்ல யோசனை! அமெரிக்காவில் 2016இல் அனுமதி பெற்றது, ரத்தம் உறைவது உலோகத்தைவிட அதிகமாக இருந்ததால் 2017இலேயே விற்பனையை நிறுத்திவிட்டார்கள். புதுசாக வந்திருக்கிறது என்பதாலேயே ஒன்றைக் கேட்டு வாங்கக்கூடாது என்று அதிலிருந்து எனக்கொரு எண்ணம்.

இனி அந்தக் கால்வாசி. வெறும் பலூன் தோற்றது தழும்பினால் என்றால், ஸ்டென்டில் தடவிய மருந்தைப் பலூனிலேயே தடவினால் என்ன? அதுதான் மருந்துப் பலூன். பாக்லிடாக்சல் பூசிய பலூனை (சிலவற்றில் சிரோலிமஸ்) அடைப்பில் வைத்து அரை நிமிடமோ ஒரு நிமிடமோ அழுத்திப் பிடிப்பார்கள், மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும், பலூன் வெளியே வந்துவிடும். தழும்பை அடக்கும் வேலை நடக்கும், உள்ளே எதுவும் இருக்காது. இரட்டை மாத்திரை, மாரடைப்பு இல்லாதவர்களுக்கு, பொதுவாக ஒரு மாதம் போதும். அக்கா கேட்டது ஏறக்குறைய இதைத்தான், அவளுக்கு அந்தப் பெயர் தெரியாது.

இது நன்றாக வேலை செய்யும் இடங்கள் இரண்டு. ஒன்று, பழைய ஸ்டென்டுக்குள் மறுபடி அடைத்த இடம். அங்கே ஏற்கெனவே முட்டு இருக்கிறது, தழும்புதான் பிரச்சினை, இன்னொரு அடுக்கு உலோகம் எதற்கு? இதற்கு நல்ல பலன் இருப்பதை 2006இலேயே காட்டினார்கள், அமெரிக்காவில் இதய மருந்துப் பலூனுக்கு முதல் அனுமதி 2024இல் கிடைத்ததும் இதற்காகத்தான். இரண்டாவது, சின்னக் குழாய்கள். மூன்று மில்லிமீட்டருக்குக் குறைந்த குழாயில் ஸ்டென்ட் வைத்தால், தழும்பு சிறிது வளர்ந்தாலும் பாதி வழி போய்விடும். 758 பேரிடம் நடந்த ஓர் ஐரோப்பிய ஆய்வு 2018இல் வெளிவந்தது. ஒரு வருட முடிவில் இதயக் கோளாறால் இறப்பு, மாரடைப்பு, மறு சிகிச்சை எல்லாம் சேர்த்து மருந்துப் பலூனில் 7.5%, மருந்து ஸ்டென்டில் 7.3%. ஏறத்தாழ சமம், அதுவும் உள்ளே எதையும் விடாமல்.

இதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நாள் மருந்துப் பலூன் கட்சியில் சேர்ந்திருந்தேன். அப்புறம் 2024இல் சீனாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது, 2,272 பேர், குழாய் பெரிதா சிறிதா என்று பார்க்காமல் புதிய அடைப்புகளில் இரண்டையும் ஒப்பிட்டார்கள். இரண்டு வருடத்தில் தொல்லை வந்தவர்கள் பலூனில் 6.4%, ஸ்டென்டில் 3.4%. வித்தியாசம் பெரும்பாலும் பெரிய குழாய்களிலிருந்து வந்தது. ஆக, பெரிய குழாயில் புதிய அடைப்பு என்றால் கம்பியே கெட்டி.

சின்னக் குழாயிலும் ஒரு நிபந்தனை உண்டு. முதலில் சாதாரண பலூனால் விரித்துப் பார்ப்பார்கள். 30 சதவீதத்துக்கும் குறைவான அடைப்பே மிச்சம் இருந்து, ரத்த ஓட்டத்தைத் தடுக்கிற கிழிசல் இல்லாமல் இருந்தால்தான் மருந்துப் பலூனோடு முடிக்கலாம். பெரிதாகக் கிழிந்துவிட்டால் அந்த நிமிடமே ஸ்டென்ட் வைத்தாகவேண்டும், அப்போது கொள்கை பேசமுடியாது. அடைப்பு சுண்ணாம்பாக இறுகியிருந்தால் முதலில் அதை வைரத்துகள் பதித்த சின்னத் துளைப்பானால் தேய்த்தோ அதிர்வலையால் நொறுக்கியோ இளக்கவேண்டும், இல்லையென்றால் எதை வைத்தாலும் சரியாக விரியாது. அதனால் "எனக்குப் பலூன்தான் வேண்டும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போகமுடியாது. "முடிந்தால் பலூனோடு முடியுங்கள், தேவைப்பட்டால் ஸ்டென்ட் வையுங்கள்" என்றுதான் சொல்லமுடியும்.

மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது இந்தக் கட்டுரையே வேண்டாம். குழாய் முழுசாக மூடியிருக்கிறது, நிமிடத்துக்கு நிமிடம் தசை செத்துக்கொண்டிருக்கிறது, திறந்து ஸ்டென்ட் வைப்பதுதான் வழக்கம். கையெழுத்துப் போட்டுவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்.

மாரடைப்பு இல்லாதபோதுதான் இன்னொரு கேள்வியும் உண்டு, பலூனுக்கும் ஸ்டென்டுக்கும் முந்திய கேள்வி: இரண்டும் இப்போது வேண்டுமா? மாடி ஏறினால் வலிக்கிறது, நின்றால் போய்விடுகிறது, மாதக்கணக்கில் இப்படியேதான் இருக்கிறது என்ற நிலையில் இருப்பவர்களிடம் 2007இல் வந்த கரேஜ் ஆய்வு 2,287 பேரைப் பார்த்தது, 2020இல் வந்த இஸ்கீமியா ஆய்வு 5,179 பேரைப் பார்த்தது. நல்ல மருந்துகளை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கும், அதோடு சேர்த்துக் கேத் லேபுக்குப் போனவர்களுக்கும் உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை. வலி குறைவது மட்டும் போனவர்களுக்கு அதிகம். அந்த வலி குறைவதிலும் எவ்வளவு நிஜம் என்று இங்கிலாந்தில் ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள்: ஏறக்குறைய 200 பேரில் பாதிப்பேருக்கு ஸ்டென்ட், மீதிப்பேரைத் தூங்கவைத்து வெறுமனே கேத் லேபிலிருந்து வெளியே கொண்டுவந்தார்கள், யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. 2017இல் முடிவு வந்தபோது, நெஞ்சுவலி வராமல் தடுக்கும் மாத்திரைகளை நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் நடக்கும் நேரத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2023இல் அதே குழு அந்த மாத்திரைகளை நிறுத்திவிட்டுச் சோதித்தபோது ஸ்டென்ட் தெளிவாக வலியைக் குறைத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் புரிவது, அந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் மாத்திரையை மீறி வலிப்பவர்களுக்கும் ஸ்டென்ட் நல்ல வழி. அறிகுறியே இல்லாமல் முழு உடல் பரிசோதனையில் ஓர் அடைப்பு தெரிந்ததற்காக அவசரப்படவேண்டியதில்லை. இடது பிரதான குழாயில் அடைப்பு, இதயத்தின் பம்பு ஏற்கெனவே பலவீனம் என்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, இஸ்கீமியா ஆய்வில் அவர்களைச் சேர்க்கவே இல்லை.

சர்க்கரை நோயும் இருந்து இரண்டு மூன்று குழாய்களில் அடைப்பும் இருந்தால், பலூனா ஸ்டென்டா என்று விவாதிப்பதே வீண், பைபாஸ் பற்றித்தான் பேசவேண்டும். 1,900 பேரிடம் நடந்து 2012இல் வந்த ஃப்ரீடம் ஆய்வில் பைபாஸ் செய்துகொண்டவர்களே அதிகம் பிழைத்தார்கள். நெஞ்சைப் பிளப்பதற்குப் பயந்து நான்கைந்து ஸ்டென்ட் வைத்துக்கொள்கிறவர்களைப் பார்க்கும்போது இதைச் சொல்லத் தோன்றும், சொன்னால் கேட்பதில்லை.

ஆகவே மூன்று நிமிடம் கிடைத்தால் நான் இப்போது கேட்பது இவ்வளவுதான். அடைப்பு எத்தனை சதவீதம் என்பதைவிட, அந்தக் குழாய் எத்தனை மில்லிமீட்டர், எந்தக் குழாய்? ரத்த ஓட்டம் நிஜமாகவே குறைகிறதா, அழுத்தக் கம்பி வைத்து அளந்தீர்களா? (அடைப்புக்கு அந்தப் பக்க அழுத்தத்தை இந்தப் பக்க அழுத்தத்தால் வகுத்து வரும் எண் 0.80 அல்லது அதற்குக் கீழே என்றால் குறைகிறது என்று கொள்வார்கள். கண்ணுக்கு எழுபதாகத் தெரியும் அடைப்பு அளந்தால் தேறிவிடுவதுண்டு.) இவருக்கு எத்தனை மாதம் இரட்டை மாத்திரை? பதிலைக் கேட்பதற்கு முன்னால், நாம் சொல்லவேண்டியதையும் சொல்லிவிட வேண்டும், அல்சரையும், வரப்போகும் ஆபரேஷனையும், மாத்திரையை மறக்கிற பழக்கத்தையும்.

அத்தானுக்கு அடைத்தது இதயத்தின் முன்பக்கம் இறங்கும் பெரிய குழாய், மூன்றரை மில்லிமீட்டர். அங்கே கம்பி வைத்ததுதான் சரி, இப்போது திரும்பக் கேட்டாலும் அதற்கே கையெழுத்துப் போடுவோம். ஆறு மாதம் மாத்திரைப் பெட்டியில் கிழமை எழுதி வைத்து அக்காதான் எடுத்துக்கொடுத்தாள்.

டிஸ்சார்ஜ் தாளில் இன்னொரு வரியும் இருந்தது, அன்றைக்கு நாங்கள் யாரும் கவனிக்காத வரி: பக்கக் கிளை ஒன்றில் 70%, குழாய் இரண்டேகால் மில்லிமீட்டர், மருந்தோடு பார்க்கவும். ஆறாம் மாதப் பரிசோதனையின்போது அக்கா அதை விரலால் தொட்டுக் காட்டி, "இதுக்கும் கம்பியா டாக்டர்?" என்றாள். அவர் படத்தை ஓட்டிப் பார்த்தார். "வலி இல்லையே, இப்ப ஒண்ணும் வேண்டாம். மாத்திரைய மீறி வலி வந்துச்சுன்னா இதுக்கு மருந்துப் பலூன் போட்டுப் பார்க்கலாம். கம்பி இல்லாம."

அக்கா என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்வரை எதுவும் சொல்லவில்லை. அப்புறம்தான், "அன்னைக்கு நான் ஒண்ணும் தெரியாமக் கேக்கல" என்றாள்.